சாய்ப்புக்குப் போகாத மாசங்கள்

பசுவந்தனை
9.3.1998

பானு அப்பாவுக்கு முத்துத்தாய் எழுதுதது.

உங்க கடுதாசி வந்து ரெண்டு வாரம் ஆச்சு. உடனே எழுதலன்னு கோவிக்காதீங்க. எழுத உக்காந்தா ரெண்டு வரிக்குள்ள என்ன எழுத வந்தோம்னு மறந்து போகுது. இப்ப எல்லாமே அப்படித்தான் இருக்கு. முந்தாநாள் குழம்புல ரெண்டு தடவை உப்பைப் போட்டுட்டேன். உங்க தம்பி சங்கரபாண்டி தட்டை ஒதுக்கி வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

பருத்தி கடைசி எடுப்பு முடிஞ்சுது. காய் சிறுத்துப் போச்சு. உளுந்து வீட்டுக்கு ஆகும். நீங்க வித்தது போக விட்டுட்டுப் போன ஆடுக நல்லா இருக்கு, ஒண்ணு போன வாரம் ரெட்டைக் குட்டி போட்டுச்சு. பானு எட்டயபுரத்துல சுகமா இருக்கா, அவ மாப்பிள்ளை வந்து சொல்லிட்டுப் போனாரு. நான் வீட்டுல இருந்தே தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டுதேன். கோவில்பட்டியில இருந்து பத்திரகாளின்னு ஒரு பொம்பளை வாரம் ஒருக்கா வேன்ல வந்து அட்டையைக் குடுத்துட்டு, ஒட்டினதை வாங்கிட்டுப் போகுதா. என் வயசுதான் இருக்கும். வாய் நிறையப் பேசுவா.

எனக்குத்தான் உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சுக்குழியில இருந்து ஒரு தீ கிளம்பி கழுத்து வழியா காது வரைக்கும் ஏறுது. மூஞ்சி செவந்து, ஜாக்கெட்டைப் பிழியலாம்ங்கிற மாதிரி வேர்த்து ஊத்தி, அடுத்த நிமிசமே குளிருது. தூக்கம் அறவே இல்ல. நெஞ்சு படபடன்னு அடிக்குது. போன வாரம் காலுக்குள்ள வந்த குட்டியை எத்திட்டேன். எத்திட்டு, அதையே தூக்கி மடியில வச்சுக்கிட்டு அழுதேன். அத்தை பார்த்துக்கிட்டே இருந்தாக. ஒண்ணும் கேக்கல.

வேற ஒண்ணும் இருக்கு. அதை எழுதக் கூச்சமா இருக்கு. நீங்க வந்தா சொல்லுதேன். போன வருசம் தை மாசம் போனவங்க, இந்தப் பொங்கலுக்கும் வரல. எப்பதான் வருவீங்க?

முத்துத்தாய்


பம்பாய்
20.3.1998

முத்துத்தாய்க்கு,

ஏட்டி, பங்குனி வெயில்ல வேர்க்காம பின்ன பனியா கொட்டும்? மெஸ்சுல அறுபது பேருக்குச் சோறு வடிக்கிறவன் நான். அடுப்பு முன்னாடி நிக்கது நானு, தீ உனக்கு ஏறுதாக்கும். கம்பங்கஞ்சியில மோரை ஊத்திக் குடி. தலைக்கு எண்ணெய் வச்சுக் குளி. மத்தியானத்துல காட்டுக்குப் போகாத. எல்லாம் சரியாகிரும்.

குழம்புல உப்புக் கூடினா என்ன, எந்திரிச்சுப் போறவன் போகட்டும். நானா இருந்தா இன்னொரு செம்பு தண்ணி குடிச்சிட்டு ருசியா இருக்குன்னு சொல்லியிருப்பேன். இங்கன நான் வைக்கிற குழம்பை எனக்கே வாயில வைக்க முடியல.

முதலாளி விட மாட்டேங்கான். எனக்குப் பதிலா ஒரு ஆளைக் கொண்டாந்து நிறுத்திட்டுப் போங்கான். ஆடியில பார்ப்போம்.

அது என்ன எழுதக் கூடாத விசயம்? கல்யாணமாகி இருபத்தெட்டு வருசத்துக்குப் பொறவு எங்கிட்ட என்ன கூச்சம்? கடைக்குப் போன் போட்டுக் கேக்கலாம்னா ஊரே காதை நீட்டிக்கிட்டு நிக்கும். அதனால எழுது. ரயில் சத்தத்துல தூக்கம் வராதப்போ இதுவே மண்டைக்குள்ள ஓடுது.

கோபாலசாமி


பசுவந்தனை
18.4.1998

பானு அப்பாவுக்கு,

உங்க கடுதாசி என் கைக்கு வரும்போது ஒட்டின இடம் பிரிஞ்சு, திரும்பச் சோத்துப் பருக்கையால ஒட்டியிருந்துச்சு. உங்க தம்பிதான் தபால்காரர்கிட்ட வாங்கினாரு. இனிமே எனக்கு எழுதுததா இருந்தா பத்திரகாளி வீட்டு விலாசத்துக்கு எழுதுங்க, கீழ எழுதியிருக்கேன். அவ வேன்ல வரும்போது கொண்டாந்து தருவா. இதையும் அவதான் தபால்ல சேர்க்கப் போறா.

நீங்க கேட்டதைச் சொல்லிருதேன். இதை நாம வாய் விட்டுப் பேசினதில்ல. நம்ம வீட்டுக்குள்ள குலசாமிப் பெட்டி இருக்கதுனால, வீட்டுக்குத் தூரமான நாளுல நாங்க தொழுவத்துச் சாய்ப்புலதான் இருக்கணும். தனித் தட்டு, தனிச் செம்பு. சாய்ப்புல எப்ப யாரு இருக்கான்னு தெரு முழுக்கத் தெரியும். நான் மார்கழிக்குப் பொறவு சாய்ப்புக்குப் போகவே இல்ல. வரல. அவ்வளவுதான்.

முதல்ல நிம்மதியாத்தான் இருந்துச்சு. இப்ப வயிறு உப்பிக்கிட்டு சேலைக்கட்டு இறுக்குது. எதைத் தின்னாலும் எதுக்களிக்குது. போன வாரம் உங்க தம்பி பெண்டாட்டி மாரிசெல்வி, துணி துவைக்கிற கல்லுல வச்சு, நாலு பேரு இருக்கும்போது கேட்டா: "என்னக்கா, சாய்ப்புப் பக்கமே உங்களைக் காணும்?" கேட்டுட்டு என் வயித்தைப் பார்த்தா. நான் துணியை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். கோவம்னா அப்படி ஒரு கோவம். கோவத்தோடயே தீயும் ஏறுது, மூஞ்சி செவக்குது. குத்தம் செஞ்சவ மூஞ்சி மாதிரி இருந்திருக்கும்.

எங்க அம்மா முப்பத்தெட்டு வயசுல பிரசவத்துல போயிட்டா. இந்த வயசுல உடம்பு என்ன பண்ணும்னு எனக்குச் சொல்லித்தர ஆள் இல்ல. அத்தைகிட்ட ரெண்டு தடவை வாய் எடுத்தேன். அவிய முகத்தைத் திருப்பிக்கிட்டு ஆட்டுக்குத் தண்ணி வைக்கப் போயிட்டாக. நீங்க யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லுங்க.

முத்துத்தாய்


பம்பாய்
2.5.1998

முத்துத்தாய்க்கு எழுதுவது.

உன் கடிதம் வந்தது. அதற்கு ஒரு நாள் முன்னால் தம்பி சங்கரபாண்டியின் கடிதமும் வந்தது. நீ எழுதியிருப்பதைத்தான் அவனும் எழுதியிருக்கிறான். ஆனால் அவன் வேறு மாதிரி எழுதியிருக்கிறான்.

நான் ஊரை விட்டு வந்தது எப்போது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

முதல் கடிதத்தில் ஏன் மறைத்தாய்? தம்பிக்குத் தெரிந்துவிட்டது என்றதும் ஏன் சொல்கிறாய்? நம் வீட்டு விலாசம் இருக்கும்போது உனக்கு வேறு விலாசம் எதற்கு? அந்த வேனை ஓட்டுகிறவன் யார்?

ஒரு கேள்விதான் கேட்கிறேன். அது என்ன என்று உனக்குத் தெரியும். ஒரு வரியில் பதில் எழுது.

கோபாலசாமி


பசுவந்தனை
10.5.1998

கோபாலசாமி அவர்களுக்கு,

கோவம் வந்தா நீங்க பொஸ்தகத் தமிழ்ல எழுதுவீங்க. கவரைப் பிரிச்சு முதல் வரியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

ஒரு வரிப் பதில்: இல்லை.

வேன் ஓட்டுதவரு பேரு கடற்கரை. அறுபது வயசு, கண்ணுல புரை. பத்திரகாளியோட சின்னையா. போதுமா? இதைக்கூட எழுத வச்சுட்டீங்களே.

நீங்க ஊர்ல இல்லாத பதினஞ்சு மாசமும் நான் எங்கன போனேன், யாருகிட்டப் பேசினேன்? காட்டுக்குப் போனேன், ஆட்டுக்குப் போனேன், பெட்டி ஒட்டினேன். நீங்க இல்லாத வீட்டுல ராத்திரி வேர்த்து எந்திரிச்சு, முத்தத்துல போய் காத்துக்கு உக்காந்தேன். உங்க தம்பி அதையும் எழுதியிருப்பாரு. "மதினி கருக்கல்ல வெளிய யாரையோ பார்க்கப் போகுதாக"ன்னு துவைக்கிற கல்லுல பேச்சு.

இப்ப உங்க தம்பி கட்டிலை எடுத்து வாசல்ல போட்டுப் படுக்காரு. நான் கொல்லைக்குப் போனாக்கூட மாரிசெல்வி பின்னாலயே வாரா. தண்ணிக் குழாயில பொம்பளைக குடத்தை நகட்டி எனக்கு வழி விடுதாக. முன்னால எல்லாம் சண்டை போடுவாக. இப்ப சண்டை இல்ல, வழி விடுதாக. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

எனக்கு என்னன்னு எனக்கே தெரியல. ஒருவேளை வயித்துல கட்டியோ என்னமோ. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொன்னேன். "ஊரு சிரிக்கவா"ன்னு உங்க தம்பி சொல்லிட்டாரு. நீங்க ஒரு வார்த்தை எழுதினா விடுவாரு. எழுதுங்க.

முத்துத்தாய்


பம்பாய்
1.6.1998

முத்துத்தாய்க்கு,

உடனே பதில் எழுத மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு இப்போது போக வேண்டாம். அங்கே நம் பக்கத்து ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். பானுவின் மாமியார் வீட்டுக்குச் செய்தி போனால் அந்தப் பிள்ளை என்ன ஆவாள் என்று யோசித்துப் பார்.

குளத்தூர்ப் பக்கம் ஒரு மருந்து கொடுக்கிற பெண் இருக்கிறாளாம். தம்பி போய் வாங்கி வருவான். அவன் கொடுப்பதைக் குடி. உள்ளே ஒன்றும் இல்லை என்றால் அந்த மருந்து ஒன்றும் செய்யாது என்று சொல்கிறான். அப்படி ஒன்றும் ஆகவில்லை என்றால் நீ சொல்வது சத்தியம். நானே வந்து எல்லார் முன்னாலும் சொல்வேன்.

ஏதாவது ஆனால், அதற்குப் பிறகு கடிதம் தேவையில்லை.

கோபாலசாமி


பசுவந்தனை, சாய்ப்பு
14.6.1998

பானு அப்பாவுக்கு,

எழுத்து கோணலா இருக்கும். படுத்துக்கிட்டு எழுதுதேன்.

உங்க தம்பி மருந்தைக் கொண்டாந்தாரு. கருப்பா, கொழகொழன்னு, அரைச் செம்பு. மாரிசெல்வி கையில குடுத்து, "நீ முன்னால நின்னு குடிக்க வையி"ன்னு சொல்லிட்டு வாசலுக்குப் போயிட்டாரு. நான் செம்பை வாங்கினேன். எனக்குள்ள ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த மருந்துக்கு அது தெரியுமா? ஆளையே கொன்னு போட்டுட்டா? நான் மாரிசெல்வியைப் பார்த்தேன். அவளும் பார்த்தா. நான் தொழுவத்துச் சாணிக்குழியில ஊத்திட்டேன். அவ வெறும் செம்பை வாங்கிக்கிட்டுப் போனா.

இது நடந்து மூணாம் நாள் எனக்கு வந்திருச்சு. மார்கழிக்குப் பொறவு வராதது. வந்தது நிக்கல. கட்டி கட்டியா விழுது. துணி மாத்தி மாத்தி, கிழிக்கிறதுக்குப் பழைய சேலை இல்ல. எந்திரிச்சா கண்ணு இருட்டுது. இன்னையோட ஆறு நாளாச்சு.

உங்க தம்பி தொழுவத்து வாசல்ல வந்து நின்னு, "மருந்து வேலை செஞ்சிருச்சு"ன்னு சத்தமாச் சொன்னாரு. பொறவு சைக்கிளை எடுத்துக்கிட்டு போன் கடைக்குப் போனாரு. உங்ககிட்ட என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும்.

வரலன்னாலும் குத்தம், வந்தாலும் குத்தம். என் உடம்பு என்ன செஞ்சாலும் அது உங்களுக்குச் சாட்சியாப் போச்சு. இனி நான் என்னத்தைச் சொல்ல? நான் குடிக்கல. அந்த மருந்து மண்ணுல கிடக்கு. நம்புததும் நம்பாததும் உங்க இஷ்டம்.

அத்தை சோத்துத் தட்டை வச்சுட்டு ரொம்ப நேரம் நின்னாக. என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. சொல்லாமலே போயிட்டாக.

முத்துத்தாய்


பம்பாய்
20.6.1998

நாளை ரயில் ஏறுகிறேன்.

வீட்டை விட்டு எங்கும் போகாதே. நான் வருவதை யாரிடமும் சொல்லாதே. பானுவுக்கு எழுதாதே.

கோ.


கோவில்பட்டி
26.7.1998

பானு அப்பாவுக்கு,

நீங்க ரயில் ஏறுததா எழுதின கடுதாசி, நீங்க வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போன பொறவுதான் என் கைக்கு வந்துச்சு. நான் அப்ப ஊர்ல இல்லையே. மாரிசெல்விதான் எடுத்து ஒளிச்சு வச்சிருந்து கொண்டாந்து குடுத்தா. வாசிச்சேன். முந்தின கடுதாசிகள்ல ஒரு கேள்வியாவது இருக்கும். இதுல ஒண்ணு கூட இல்ல.

நீங்க ஆஸ்பத்திரியில இருந்த ரெண்டு நாளும் நாம ஒண்ணும் பேசிக்கல. அதனால நீங்க வாறதுக்கு முன்னால நடந்ததை இப்ப எழுதுதேன்.

உங்களுக்குப் படுத்துக்கிட்டே அந்தக் கடுதாசி எழுதின ரெண்டாம் நாள் நான் சாய்ப்புலயே மயங்கி விழுந்துட்டேன். அன்னைக்கு வேன் வருத நாளு. மாரிசெல்வி தெருவுல ஓடிப்போய் வேனை மறிச்சிருக்கா. உங்க தம்பி வந்து கையைப் பிடிச்சு இழுத்திருக்காரு. அவ தெருவுல நின்னு கத்தியிருக்கா: "அக்கா மருந்தைக் குடிக்கவே இல்ல, சாணிக்குழியில ஊத்தினதை நான் கண்ணால பார்த்தேன், இது வேற என்னமோ, செத்தா எல்லாரும் கம்பி எண்ணணும்." பத்திரகாளியும் அவளும் சேர்ந்து என்னைத் தூக்கி, பெட்டி அட்டை மேலயே படுக்க வச்சுக் கொண்டாந்தாக. அந்த அட்டை எல்லாம் வீணாப் போச்சு. மாரிசெல்விக்கு அன்னைக்கு வீட்டுல விழுந்த அடியோட தடம் இன்னும் கன்னத்துல இருக்கு.

ஆஸ்பத்திரியில ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாக. டாக்டரம்மா கட்டில்ல உக்காந்து என்கிட்டக் கேட்டாக: "நெஞ்சுல இருந்து தீ மாதிரி ஏறுதா? வேர்த்துட்டு உடனே குளிருதா? தூக்கம் இல்லையா? மறதி? காரணம் இல்லாம அழுகை வருதா? எரிச்சல் வருதா?" நான் சொல்லாததை எல்லாம் அவிய கேட்டாக. நம்ம வீட்டுல கூட இருந்து பார்த்த மாதிரி கேட்டாக. எனக்கு அங்கனயே அழுகை வந்துருச்சு. தீட்டு நிக்கப் போற காலமாம். பொம்பளையாப் பிறந்த எல்லாருக்கும் வருமாம், சிலருக்கு லேசா, சிலருக்குக் கடுசா. நிக்கிறதுக்கு முன்னால மாசக் கணக்கா வராமலும் இருக்குமாம், வந்தா கொட்டவும் செய்யுமாம். என் கர்ப்பப்பையில ஒரு கட்டியும் இருக்கு, அதுனாலதான் இவ்வளவு போக்கு. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாக. கெட்ட கட்டி இல்லன்னு போன வாரம் வந்துருச்சு. மாத்திரை சாப்பிடுதேன். இனிமே ஒரேயடியா நின்னு ஒரு வருசம் போன பொறவு, ஒரு சொட்டுப் பட்டாலும் ஓடி வரணும்னு சொல்லியிருக்காக.

நீங்க வந்தப்போ நான் கண்ணை மூடிக் கிடந்தேன். தூங்கல. டாக்டரம்மா உங்ககிட்டப் பேசினது எல்லாம் கேட்டுச்சு. நீங்க குரலைத் தாழ்த்தி, "கலைஞ்சதாலயா"ன்னு கேட்டீங்க. அவிய பேனாவைக் கீழ வச்சாக. "யாரு சொன்னா? கர்ப்பமே இல்லையே. சிறுநீரும் சோதிச்சாச்சு, ஸ்கேனும் பார்த்தாச்சு. நாப்பத்தேழு வயசுப் பொம்பளை, சாகக் கிடக்கா. இதைக் கேக்கவா பம்பாயில இருந்து வந்தீங்க?" நீங்க பெஞ்சுல போய் உக்காந்தீங்க, பையை மடியில வச்சுக்கிட்டு. பொறவு இளநீ வாங்கப் போனீங்க.

பை கட்டிலுக்குக் கீழ இருந்துச்சு. எனக்கு வேர்த்துச்சு. துண்டு எடுக்கலாம்னு கையை விட்டேன். ரெண்டு சட்டைக்கு அடியில கனமா ஒண்ணு. பேப்பரைப் பிரிச்சேன். வெட்டுக்கத்தி. உங்க தம்பி குடுத்து விட்டதுன்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா சுத்தியிருந்தது தமிழ்ப் பேப்பர் இல்ல. எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. நீங்க அங்கன இருந்தே கொண்டாந்திருக்கீங்க.

திரும்பச் சுத்தி வச்சுட்டேன். நீங்க வந்து இளநீயைக் குடுத்தீங்க. குடிச்சேன். தலையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டீங்க. அந்தக் கை என் கழுத்துல இருந்த நேரம் முழுக்க நான் மூச்சு விடல.

நான் ஊருக்குத் திரும்பிப் போகல. பத்திரகாளி இருக்குத லைன் வீட்டுல ஒரு அறை எடுத்திருக்கேன். தீப்பெட்டி ஆபீசுல கட்டையில தீக்குச்சியை அடுக்குத வேலை. எங்க வரிசையில ஆறு பேரு, எல்லாரும் என் வயசு, முன்னப் பின்ன. ஒருத்தி ஈரத்துணியை இடுப்புலயே செருகி வச்சிருக்கா, தீ ஏறும்போது எடுத்துக் கழுத்துல போட்டுக்கிடுதா. ஒருத்தி இதைப் பேய்னு நினைச்சு ரெண்டு வருசம் கையில மந்திரிச்ச கயித்தோட அலைஞ்சிருக்கா. நான் என் கதையைச் சொன்னதும் ஒவ்வொருத்தியும் "எனக்கும் இருந்துச்சு, எனக்கும் இருந்துச்சு"ங்கா. ஒரே வரிசையில உக்காந்து, ஒருத்திக்கொருத்தி சொல்லாமலே இருந்திருக்காளுக. இப்ப யாருக்காவது வேர்த்தா பக்கத்துல இருக்கவ எந்திரிச்சு சன்னலைத் திறந்து விடுதா.

இது எல்லாத்தையும் எழுதினது, உங்களுக்குத் தெரியணும்னுதான். பதில் எழுதணும்னு இல்ல.

முத்துத்தாய்


பம்பாய்
10.8.1998

முத்துத்தாய்க்கு,

அந்தக் கத்தி மெஸ்சுல தேங்காய் உடைக்கிறது. நம்ம ஊர்ல சாணை பிடிக்கலாம்னு கொண்டாந்தேன்.

மேல எழுதினது பொய். அடிச்சுட்டு வேற எழுதலாம்னு பார்த்தேன். அடிக்காம விட்டுட்டேன், நீ பார்க்கட்டும்.

ரயில்ல ரெண்டு ராத்திரியும் அதைத் தலைக்கு வச்சுக்கிட்டுத்தான் வந்தேன். ஸ்டேசன்ல இறங்குததும் வீட்டுக்குப் போகணும்னு இருந்தேன். அங்கன வச்சு நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் பார்த்துட்டு, "உங்க வீட்டுல ஆஸ்பத்திரியில கிடக்காகளே"ன்னு சொன்னாரு. அவரு பார்க்காம இருந்தா, நீ வீட்டுலயே இருந்திருந்தா, அதுக்கு மேல என்னால யோசிக்க முடியல. யோசிக்காமலும் இருக்க முடியல.

ஒண்ணு சொல்லணும். உன் கடுதாசியை வாசிச்ச பொறவு எனக்கு ஒரு ஞாபகம் வந்துச்சு. நான் அப்ப படிப்பை விட்டுட்டு ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தேன். மீசை முளைச்ச வயசு. அம்மா உச்சி வெயில்ல தொட்டித் தண்ணியை மொண்டு மொண்டு தலையில ஊத்துவா. சேலையோட, ஈரத்தோட அப்படியே உக்காந்திருப்பா. யாரு பேசினாலும் எரிஞ்சு விழுவா, பொறவு மூலையில உக்காந்து அழுவா. அந்த நேரத்துலதான் அப்பா கிடைக்குப் போறதை விட்டாரு. அதுக்கு முன்னால அவரு மாசத்துல பாதி நாளு ஆட்டோட காடு காடா அலைவாரு. அந்த ரெண்டு வருசம் என்னையக் கிடைக்கு அனுப்பிட்டு அவரு வீட்டுலயே இருந்தாரு. தம்பி சின்னவன், அவரு மடியை விட்டு இறங்க மாட்டான். அப்பா வீட்டுலயே இருக்காருன்னு எங்களுக்கு அவ்வளவு சந்தோசம்.

அவரு எதுக்கு வீட்டுல இருந்தாருன்னு இப்பத்தான் எனக்குத் தோணுது. அது சரியா தப்பான்னு தெரியல. அம்மாகிட்ட நீ கேட்டுப் பாரு. எனக்குக் கேக்க வாய் வராது.

மாத்திரையை விடாத. முருங்கைக்கீரை சாப்பிடு. சங்கரபாண்டிக்கு எழுதிட்டேன், இனி உன் பக்கமோ மாரிசெல்வி மேலயோ கை நீட்டக் கூடாதுன்னு. கேப்பானான்னு தெரியல, அவனை அப்படி ஆக்கினதுல எனக்கும் பங்கு இருக்கு.

தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கேன். வரட்டுமா? வந்தா எங்கன இறங்கட்டும்?

கோபாலசாமி


கோவில்பட்டி
30.8.1998

பானு அப்பாவுக்கு,

நான் அத்தையைத் தேடிப் போகல. போன ஞாயித்துக்கிழமை அவியளே பஸ் ஏறி வந்துட்டாக, கையில ஒரு மஞ்சப்பையோட. கேட்டுக் கேட்டு லைன் வீட்டைக் கண்டுபிடிச்சிருக்காக. சோறு போட்டேன். சாப்பிட்டு முடிச்ச பொறவு உங்க கடுதாசியில அந்த இடத்தை மட்டும் வாசிச்சுக் காட்டினேன். அப்பா வீட்டுல இருந்தாரு, எங்களுக்குச் சந்தோசமா இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே, அது வரைக்கும்.

அத்தை சேலைத் தலைப்பால காலைத் துடைச்சுக்கிட்டே இருந்தாக. பொறவு சொன்னாக:

"எனக்கும் நாலு மாசம் சாய்ப்பு இல்லாமப் போச்சு, தாயி. உங்க மாமனாரு ஒரு வார்த்தை கேக்கல. அரிவாளைத் தீட்டித் தலைமாட்டுல வச்சுக்கிட்டாரு. என் வயிறு பெரிசாகுதான்னு பார்த்துக்கிட்டே ரெண்டு வருசம் படுத்திருந்தாரு. நானும் அது பக்கத்துலயேதான் படுத்திருந்தேன். பொறவு ஒரு நாளு அவரே எடுத்துப் பரண்ல போட்டாரு. அதைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. செத்தும் போயிட்டாரு."

"அப்ப எனக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியுமே அத்தை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னு கேட்டேன். என் குரல் எனக்கே பயமா இருந்துச்சு.

"சொல்ல வந்தேன். தட்டை வச்சுட்டு நின்னேன்ல. சொன்னா என் கதையையும் சொல்லணும். பெத்த பிள்ளைக மத்தியில அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பல. வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் தப்பிச்ச மாதிரி நீயும் தப்பிச்சிருவன்னு நினைச்சேன்."

நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். குழாயடியில நின்னு மூஞ்சியைக் கழுவினேன். அவியளைத் திருப்பி அனுப்பிரணும்னுதான் உள்ள வந்தேன். வந்து பார்த்தா, அத்தை என் மாத்திரைச் சீட்டைக் கையில வச்சு, வாசிக்கத் தெரியாட்டாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தாக. "இது அப்பவே இருந்துச்சா"ன்னு கேட்டாக.

அனுப்பல. மாரிசெல்விகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் வந்திருக்காகளாம். அவளுக்கு முப்பத்தஞ்சு வயசு, இன்னும் காலம் இருக்கு, இப்பவே தெரிஞ்சுக்கிடட்டும்னு சொன்னாகளாம். அவ என்ன சொன்னான்னு கேட்டேன். "கதவைத் தாப்பாப் போட்டுட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தா"ன்னாக. அவ இன்னும் அந்த வீட்டுலதான் இருக்கா. உங்க தம்பி இன்னும் அந்த வாசல்லதான் படுக்காரு. எனக்கு அதை நினைச்சாத்தான் இப்பத் தூக்கம் வர மாட்டேங்கு, உடம்புனால இல்ல.

அத்தை இனி ஊருக்குப் போகலன்னு சொல்லிட்டாக. இங்கன என் கூடத்தான் இருக்காக.

நீங்க எங்கன இறங்கணும்னு கேட்டிருக்கீங்க. கோவில்பட்டியில இறங்குங்க. பட்டாசு, சேலை ஒண்ணும் வாங்க வேண்டாம். அந்தக் கத்திக்குப் பெத்தவளுக்கு ஒரு பதில், கட்டினவளுக்கு ஒரு பதில் சொல்லணும். நாங்க கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, விளக்கைப் போட்டுக்கிட்டு, ரெண்டு பேரும் எதிர்ல உக்காந்து கேப்போம். கேட்டுட்டுத்தான் உங்களுக்குச் சோறு போடுததா வேண்டாமான்னு முடிவு பண்ணுவோம்.

முத்துத்தாய்